கோயம்புத்தூர்க் கரும்பும் செல் பிரிதலும்

மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்த ஒரு பையன் நிறுத்திவிட்டு, "சார், இதையெல்லாம் யார் சார் பார்த்தது?" என்றான். நல்ல கேள்வி. அதற்கான பதிலைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் வால்தர் ஃபிளமிங் என்றொருவர். சாலமாண்டர் என்பது பார்க்கப் பல்லி போல இருக்கும், ஆனால் தவளைக்கு உறவு. அதன் குஞ்சுகளின் செல்கள் பெரியவை. அவற்றுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். சாயம் ஏற்றினால் செல் செத்துப்போகும். ஆகவே அவருக்குக் கிடைத்தவை அசையாத படங்கள்தான். கலைந்து கிடக்கும் கல்யாண போட்டோக்களை எது முதலில், எது பிறகு என்று அடுக்குவது போல அடுக்கினார். உயிருள்ள செல்லிலும் பார்த்துச் சரிபார்த்தார். 1882-இல் அவர் புத்தகம் வந்தது. நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து மைட்டாசிஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. நான் மேலே சொன்ன நான்கில் முதல் மூன்று பெயர்கள் 1884-இல் ஸ்டிராஸ்பர்கர் தந்தவை. நான்காவது பத்து வருஷம் கழித்து ஹைடன்ஹைன் தந்தது.

இது வெளிநாட்டுக் கதை. நம் கதை கரும்பில் இருக்கிறது.

1912-இல் கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பார்பர், அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமன் இருவரும் இனிப்பான தடித்த கரும்பையும் ஆற்றங்கரை நாணலையும் இனக்கலப்பு செய்தார்கள். பிறந்தது கோ 205. வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கியது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். தாய்க் கரும்பில் 80 குரோமோசோம். கோவை நாணலில் 64. குன்றல் பகுப்பில் எண்ணிக்கை பாதியாகும் என்று பாடம் சொல்கிறது. அப்படியானால் 40-உம் 32-உம் சேர்ந்து பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 112! அதாவது 80-உம் 32-உம். தகப்பன் பக்கம் பாதி வந்திருக்கிறது, தாய் பக்கம் முழுசாக வந்திருக்கிறது. கரும்பில் இப்படி நடக்கும் என்பதை 1920-களில் ஜாவாவில் பிரெமர் என்ற டச்சுக்காரர் கண்டுபிடித்தார். தாயின் பங்கு கூடுதலாக வந்ததால்தான், நாணலின் முரட்டுத்தனம் கிடைத்தும் இனிப்பு ரொம்பக் குறையவில்லை. பாடத்து விதிக்கு ஒரு விலக்கு நம் காபி டம்ளரில் கரைந்து கிடக்கிறது என்பேன்.

1934-இல் இந்த நிலையத்துக்கு வந்தவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர், சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்றவர். நாணல் வகைகளின் குரோமோசோம்களை எண்ணினார். எண்ணுவது லேசுப்பட்ட வேலை அல்ல. வேர் நுனியை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மெட்டாஃபேஸில் நிற்கும் செல்லைத் தேட வேண்டும். குரோமோசோம்கள் தடித்து நடுவில் வரிசைகட்டும் அந்த ஒரு நிலையில்தான் தெளிவாக எண்ண முடியும். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இனக்கலப்பு செய்து 1938-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

அடுத்த வருஷம் இங்கிலாந்து போனார். கால்சிசின் என்ற மருந்தால் மக்னோலியாச் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நூல்கள் உருவாகாமல் அது தடுத்துவிடும். இரட்டித்தவை பிரியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். இந்தக் கால்சிசின் நம் கண்வலிக்கிழங்கிலும் உண்டு. செங்காந்தள் என்றால் எல்லோருக்கும் தெரியும், நம் மாநில மலர். கிழங்கு கொடிய விஷம், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே நம்பியது. 1956-இல் ஜியோவும் லெவானும் செல் பிரிதலைக் கால்சிசினால் பாதியில் நிறுத்தி எண்ணி, 46 என்று அறிவித்தார்கள்.

ஜானகி அம்மாள் 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். 1951-இல் நாடு திரும்பினார். 1977-இல் பத்மஸ்ரீ. 1984-இல் கண்மூடும் வரை சென்னை மதுரவாயலில் மூலிகைச் செடிகளோடு வேலை செய்துகொண்டிருந்தார்.