ஒற்றை மூங்கிலின் மேல்

சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த காந்தி நடந்துகொண்டிருக்கிறார். 1959இல் நிறுவப்பட்ட அச்சிலையைக் காண்போர் பெரும்பாலும் தண்டியையே நினைப்பர். 1930இல், அறுபது வயதில், 24 நாட்களில் ஏறத்தாழ 385 கிலோமீட்டர் நடந்த பயணம் அது. வழியெங்கும் கூட்டமும் வாழ்த்தொலியும் இருந்தன. என் மனம் செல்வதோ பதினேழு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த, ஆரவாரமற்ற வேறொரு நடைக்கு.

1946 அக்டோபரில் கிழக்கு வங்காளத்தின் நவகாளியில் இந்துக்கள் மீது பெரும் வன்முறை மூண்டது. நவம்பரில் காந்தி அங்குச் சென்றார். உடன் வந்தவர்களை ஊருக்கு ஒருவராகப் பிரித்து அனுப்பிவிட்டு, ஸ்ரீராம்பூர் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ ஆறு வாரம் தங்கினார். அப்போது அவருக்கு வயது 77. இரத்த அழுத்த நோயும் இருந்தது.

நவகாளி நீர் சூழ்ந்த நாடு. பாக்குத் தோப்புகளுக்கும் வயல்களுக்கும் இடையே எங்கும் வாய்க்கால்கள். அவற்றைக் கடக்க மூங்கில்களைக் கட்டிவைத்திருப்பார்கள். வங்காளத்தில் அதற்குச் 'சாங்கோ' என்று பெயர். காலுக்கு ஒரு மூங்கில், கைக்கு ஒரு மூங்கில் என்ற அளவில்தான் பல இருக்கும். பிறந்ததிலிருந்து அதில் ஓடிப் பழகிய சிறுவனுக்கு அது தெருவைப் போன்றது; வெளியூர்க் கிழவருக்கு அப்படியல்ல. ஊர் ஊராக நடக்க முடிவு செய்த காந்தி, புறப்படுமுன் அந்தப் பாலங்களின்மேல் நடந்து பயிற்சி எடுத்தார். உதவியின்றிக் கடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். வரலாற்று நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி இது. எழுபத்தேழு வயதில் ஒருவர் புதிதாக நடை பழகுகிறார் என்பதை என்னால் அப்படிக் கடக்க இயலவில்லை.

அவர் இயல்பிலேயே திடகாத்திரர் அல்லர். பள்ளியில் உடற்பயிற்சியை வெறுத்தவர். திறந்தவெளியில் நடப்பதன் நன்மையைப் படித்து நடக்கத் தொடங்கியவர். இலண்டனில் மாணவராக இருந்தபோது வண்டிக்காசை மிச்சப்படுத்த நாளும் எட்டுப் பத்து மைல் நடந்ததாகவும், தம்மை நோயின்றிக் காத்தது அதுவே என்றும் சுயசரிதையில் சொல்கிறார். 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர் பலரும் இருந்தனர். சொந்த வேலையாக ஜோகன்னஸ்பர்க் செல்வோர் 21 மைலும் நடந்தே செல்ல வேண்டும் என்பது அங்கு விதி. 1918இல் வயிற்றுக்கடுப்பு அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோயிற்று. 1924இல் குடல்வால் அறுவை. ஒவ்வொரு முறையும் எழுந்து மீண்டும் நடந்தார்.

1947 ஜனவரி 2 அன்று ஸ்ரீராம்பூரிலிருந்து புறப்பட்டார். சில நாட்களில் செருப்பையும் துறந்தார். குளிர்காலப் பனியில் பாதங்கள் வெடித்தன. பாதையில் சிலர் முள்ளையும் மலத்தையும் போட்டு வைத்ததும் உண்டு. இரண்டு மாதங்களில் 47 ஊர்கள், 116 மைல். தண்டியின் தொலைவில் பாதிகூட இல்லை. கடுமையோ அதைவிடப் பன்மடங்கு.

கால்களின் உறுதி மனத்திலும் இருந்ததென்று எண்ணிவிடலாகாது. மொழிபெயர்ப்பாளராக உடனிருந்த மானிடவியலாளர் நிர்மல் குமார் போஸ், என்ன செய்வேன் என்று அவர் தமக்குத்தாமே முணுமுணுத்ததைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார். அந்நாட்களில் காந்தி மேற்கொண்ட பிரம்மச்சரிய சோதனையை ஏற்க இயலாமல் போஸ் உட்பட உடனிருந்தோர் சிலர் விலகினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நடையின் பலனும் முழுமையானதன்று. அச்சம் சில ஊர்களில் தணிந்தது, சில ஊர்களில் தணியவில்லை. மார்ச் 2 அன்று அவர் பிகாருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே முஸ்லிம்கள் கொல்லப்பட்டிருந்தனர்.

நவகாளியில் அவர் புதிதாகத் தொடங்கியது இன்னொன்றும் உண்டு. அம்மக்களோடு பேசுவதற்காக நாள்தோறும் வங்காள எழுத்துகளை எழுதிப் பழகினார். அங்கிருந்து வந்த பின்னும் அப்பயிற்சியை விடவில்லை. 1948 ஜனவரி 30 அன்று காலையிலும் எழுதியிருக்கிறார்.