தீபாவளிப் பட்டாசுத் தீக்காயம்: முதல் 20 நிமிடங்கள்

பட்டாசுத் தீக்காயத்தின் ஆழத்தைக் குறைக்கும் முதல் சிகிச்சை வீட்டிலேயே தொடங்குகிறது. அதற்குத் தேவையானது தண்ணீர் மட்டுமே.

உடனே செய்ய வேண்டியவை

காயத்தின் மீது குளிர்ந்த, சுத்தமான குழாய் நீரை 20 நிமிடங்கள் தொடர்ந்து ஊற்றுங்கள். குழாய் இல்லையெனில் குடத்து நீரை மெல்ல ஊற்றலாம். தீ அணைந்த பிறகும் தோலுக்கடியில் வெப்பம் தங்கி, திசுக்களைச் சிதைத்துக்கொண்டிருக்கும். நீர் அதனைத் தணிக்கிறது. குழந்தையாயின், காயமற்ற உடற்பகுதியைப் போர்த்திவையுங்கள். வீக்கம் தொடங்குமுன் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். பின்னர், துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியால் தளர்வாக மூடுங்கள்.

செய்யக் கூடாதவை

பற்பசை, மஞ்சள், மை, எண்ணெய், பனிக்கட்டி ஆகியவற்றை வைக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.

கண்ணில் பட்டால்

கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ கூடாது. மருந்துத்தூள் மட்டும் விழுந்திருந்தால் சுத்தமான நீரால் நன்கு கழுவுங்கள். கண்ணில் ஏதேனும் குத்தியிருந்தாலோ, கிழிந்திருந்தாலோ கழுவாமல், காகிதக் குவளையால் மூடி உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எப்போது மருத்துவமனை?

முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் காயம் ஏற்பட்டாலோ, காயம்பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, தோல் வெளுத்தோ கருகியோ இருந்தாலோ 108-ஐ அழையுங்கள். வலியே இல்லாத காயம் ஆழமானதாக இருக்கலாம். விரல் காயங்களைப் புறக்கணித்தால் தழும்பு இறுகி விரல் மடங்கிவிடும். தறி நெய்யும் கைக்கு அது வாழ்வாதார இழப்பு. தடுப்பூசி விவரத்தை மருத்துவரிடம் கூறுங்கள். டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம்.

வருமுன் காக்க

அம்மையார்குப்பம் போன்ற நெசவு ஊர்களில் வீட்டுக்குள்ளேயே நூலும் துணியும் இருக்கும். சன்னல்களை அடைத்து, தறிக்கூடத்திலிருந்து விலகி வெடியுங்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் மறுகோடியான பழவேற்காடு போன்ற கடலோர ஊர்களில், கடற்காற்று ராக்கெட்டைக் கூரைகளின் மீது திருப்பக்கூடும்; காற்று வீசும்போது அதனைத் தவிருங்கள். கம்பி மத்தாப்பு ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிகிறது. எரிந்த கம்பியை நீர் வாளியில் போடுங்கள். வெடிக்காத பட்டாசை மீண்டும் பற்றவைக்காதீர்கள்.

ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.