யார் வீட்டுச் சாப்பாடு?

'வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்' என்ற பலகை தொங்காத தெருவைத் தமிழகத்துச் சிறுநகரங்களில் காண்பது அரிது. பலகை குறிப்பிடும் அந்த வீடு யாருடையது என்று உண்ண வருபவர் கேட்பதில்லை. பசிவேளையில் கேட்கக்கூடிய கேள்வியும் அன்று அது. ஆயினும் நம் உணவு விடுதிகளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கான விடையாகவே அமைந்திருக்கிறது.

சோற்றை விலைக்கு விற்பது இழிவு என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. தின்பண்டம் விற்போரை மதுரைக்காஞ்சியிலேயே காணலாம். பண்ணியம் வேறு, சோறு வேறு. வழிப்போக்கருக்குச் சோறிடுவது அறம். ஒரத்தநாட்டில் முக்தாம்பாளின் பெயரால் இரண்டாம் சரபோஜி அமைத்த சத்திரம் அந்த அறத்தின் பெரிய சான்று. ஆனால் பொதுவாகச் சத்திரங்களில் அறம் ஒன்றாக இருந்தாலும் பந்தி ஒன்றாக இருந்ததில்லை.

இரயிலும் நீதிமன்றமும் கல்லூரியும் வந்தபின் நிலைமை மாறியது. வீட்டை விட்டு வெளியூரில் தங்கும் குமாஸ்தாவும் வக்கீலும் மாணவனும் மூன்று வேளையும் எங்கேனும் உண்டாக வேண்டும். காசு கொடுத்து உண்ணலாம். ஆனால் யார் சமைத்ததை உண்பது? தன்னைவிடத் தாழ்ந்ததாகக் கருதும் சாதியார் சமைத்த சோற்றைத் தொடக்கூடாது என்பது அன்றைய விதி. அப்படியானால் எல்லாச் சாதியாரும் தயக்கமின்றிக் கைந்நீட்டக்கூடிய சமையற்காரர் பிராமணரே. காப்பி கிளப்புகளும் சாப்பாட்டு ஓட்டல்களும் பெரும்பாலும் பிராமணர் கையில் இருந்ததற்குக் கைமணத்தைவிட இந்த வணிகக் கணக்கே முதற்காரணம் என்பது என் துணிபு. (காப்பி தமிழர் வாழ்வில் நுழைந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் சுவைபட எழுதியிருக்கிறார்.) 'பிராமணாள்' என்று பலகையில் எழுதியது ஒருவகையில் அக்காலத்து 'வீட்டுச் சாப்பாடு' விளம்பரம்தான். அடுக்களையின் ஆசாரம் கெடாமல் கடைக்கு வந்திருக்கிறது என்ற உறுதிமொழி அது.

அந்த உறுதிமொழியின் விலையை வேறு சிலர் கொடுத்தனர். உள்ளே பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறோரிடம். தாழ்த்தப்பட்டோருக்குப் பல கடைகளில் வாசற்படியே எல்லை. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இந்தப் பாகுபாடு இருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அது நீக்கப்பட்டது.

உணவுக்கூடம் அரசியலின் நடுவே வந்து நின்ற நிகழ்ச்சியாகச் சேரன்மாதேவி குருகுலத்தைச் சொல்ல வேண்டும். வ.வே.சு. ஐயர் தேசியக் கல்விக்கென நடத்திய அந்நிறுவனத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. 1924-25இல் அது பெரும் பூசலாயிற்று. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். 1925 ஜூனில் ஐயர் பாபநாசத்தில் அருவியில் சிக்கிய மகளைக் காக்கப்போய் உயிரிழந்தார். அவ்வாண்டின் இறுதிக்குள் பெரியார் காங்கிரஸை விட்டு விலகினார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி என நாம் கொண்டாடும் ஒருவரின் கடைசி மாதங்களை ஒரு பந்தி விவகாரம் கசப்பாக்கியதை இலக்கிய வாசகர்கள் அதிகம் பேசுவதில்லை. பேசவேண்டும் என்று தோன்றுகிறது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் பதினைந்தாம் பிரிவு, கடைகளையும் பொது உணவகங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்றது. கதவு சட்டப்படி திறந்தது. பலகை அப்படியே இருந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் முன் பெரியாரின் தொண்டர்கள் 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரி மறியல் தொடங்கினர். மாதக்கணக்கில் நாள்தோறும் தொண்டர்கள் வந்தனர், கைதாயினர், மறுநாள் வேறு சிலர் வந்தனர். இறுதியில் அச்சொல் பலகையிலிருந்து மறைந்தது. தொழிலின் பெயரைத்தானே எழுதியிருக்கிறார்கள், இதற்கு இத்தனை பாடா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். தமையும் தம் பெற்றோரையும் வாசலில் நிறுத்திய சொல்லை நாள்தோறும் தலைக்கு மேலே படித்துவிட்டு உள்ளே சென்று இட்லி உண்ணவேண்டியவர் நிலையில் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

இதே காலத்தில்தான் வீட்டுச் சமையலும் அச்சேறி ஊர் ஊராகப் போயிற்று. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்த அவர், உறவினர் வற்புறுத்தலால் எழுதிய நூல் அது. தாயின் அருகிலிருந்து கற்க வாய்ப்பின்றித் தொலைதூர நகரங்களில் குடித்தனம் தொடங்கிய பெண்களுக்கு அது துணையாயிற்று. அதன் பயனில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு சமூகத்து அடுக்களையின் குழம்பு, இரசம், கூட்டு என்ற வரிசை 'தமிழர் வீட்டுச் சமையல்' என்ற பொதுப்பெயரைப் பெற்றதில் ஓட்டலோடு இத்தகைய நூல்களுக்கும் பங்குண்டு. கம்பங்கூழும் கருவாட்டுக் குழம்பும் உண்ட வீடுகளும் வீடுகளே. அவற்றுக்குப் பலகையும் இல்லை, நூலும் இல்லை.

பலகை ஒன்று மட்டும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தது. கள்ளிக்குடியை ஒட்டிய வடக்கம்பட்டியிலிருந்து புறப்பட்டவர்கள் 1930கள் தொடங்கி ஊர் ஊராகப் புலால் உணவுக்கடை வைத்து, தங்கள் காவல் தெய்வத்தின் பெயரையே சூட்டினர். முனியாண்டி விலாஸ் என்ற பெயர் அப்படித்தான் தமிழகமெங்கும் பரவியது. சாதிப் பெயரின் இடத்தில் சாமியின் பெயர். நாள்தோறும் முதல் விற்பனைக் காசை முனியாண்டிக்கென ஒதுக்கிவைத்து, ஆண்டுதோறும் ஊர் திரும்பி, வெட்டிய கிடாய்களைப் பிரியாணியாக்கிப் பிரசாதமாக வழங்குகிறார்கள். எனக்குத் தெரிந்து விடுதி நடத்துவோர் வாங்குவோருக்கெல்லாம் காசின்றிச் சோறிடும் இந்த விருந்து, சத்திரத்து அறம் வேறு வழியாகத் திரும்பி வந்ததைப் போல இருக்கிறது.

ஓட்டல் வீட்டிலிருந்து பெற்றதைப் போலவே வீட்டுக்குக் கொடுத்ததும் உண்டு. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த கிருஷ்ண ராவ் 1938இல் சென்னையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். அவ்வகை விடுதிகளில் உண்டு பழகிய மசால் தோசை பிறகுதான் பல வீடுகளின் ஞாயிற்றுக்கிழமைப் பலகாரமாயிற்று. தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டுமே இட்லி சுட்ட குடும்பங்கள் ஏராளம். ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது தோளை முறிக்கும் வேலை. கோயம்புத்தூரில் செய்யப்பட்ட மின் கிரைண்டர் வந்த பின்னரே இட்லி அன்றாட உணவாயிற்று.

இந்தக் கதையில் ஓட்டல் அடுக்களையில் நிற்பவர் பெரும்பாலும் ஆண். வீட்டில் சமைத்த பெண் காசுக்குச் சமைத்தது தெருமுனையில்தான். வாசலில் அடுப்பு மூட்டி, விடியலில் நான்கு ஈடு இட்லி வேகவைத்து விற்ற பாட்டிகளின் கடைகள், வேறெதையும்விட 'வீட்டுச் சாப்பாடு' என்ற பெயருக்கு உரியவை. பலகை அவர்களிடம் இருந்ததில்லை. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் ஒரு ரூபாய்க்கு இட்லி அவித்துத் தந்தவர்களும் இவர்களைப் போன்ற ஏழைப் பெண்களே.

அரசு பெண்களைச் சமைக்க அமர்த்தியபோது பழைய கேள்வி திரும்பி வந்தது. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த சத்துணவுச் சமையலர், சில பெற்றோரின் எதிர்ப்பால் வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார். கண்டனம் எழுந்தபின் அந்த உத்தரவு நீக்கப்பட்டது. எதிர்த்தோர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. 2023இல், காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்ட சில நாட்களுக்குள், கரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் சில பெற்றோர் தம் பிள்ளைகள் அங்கே உண்ணமாட்டார்கள் என்றனர். காரணம் சமைத்தவரின் சாதி. மாவட்ட ஆட்சியர் அந்தப் பள்ளிக்குச் சென்று, அந்தப் பெண் சமைத்த உணவை வாங்கி உண்டார்.