கப்பலில் சிக்கி, கடனில் மாட்டி...

அடி அண்ணாமலையை ஒட்டிப் போகும் கிரிவலப் பாதையைப் பற்றியும், பௌர்ணமி இரவில் அங்கே நடக்கும் கூட்டத்தைப் பற்றியும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தத் திருவண்ணாமலையின் சில கிறிஸ்தவ வீடுகளில் சனிக்கிழமை இரவு நடப்பது அதிகம் எழுதப்படாத விஷயம். சாப்பாடு முடியும், டிவியை அணைப்பார்கள், பாய் விரிப்பார்கள். ஒரு கீர்த்தனை பாடியதும் வீட்டிலேயே சின்னப் பிள்ளையிடம் வேதப்புத்தகத்தைக் கொடுத்து ஒரு அதிகாரம் வாசிக்கச் சொல்வார்கள். கறுப்பு அட்டை, மேலே ஜிப் வைத்த உறை, முதல் தாளில் குடும்பத்தின் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணத் தேதிகள். பிள்ளை தட்டுத் தடுமாறி வாசிக்கும். பாட்டி புத்தகத்தைப் பார்க்காமலே திருத்துவாள். அரை மணியில் குடும்ப ஜெபம் முடிந்து எல்லோரும் படுக்கப் போய்விடுவார்கள். பாட்டிக்கு மனப்பாடமான அந்த வரிகள் அங்கே வந்து சேர நூற்றறுபது வருஷத்துக்கு மேல் பிடித்தது. நடுவே சிறை, கொள்ளை, போர், கடன் எல்லாம் இருந்தன.

அதே ஊரில் 'டேனிஷ் மிஷன்' என்று ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்கு அது ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். டென்மார்க்குக்கும் தமிழ் வேதப்புத்தகத்துக்கும் உள்ள தொடர்பு அந்தப் பள்ளியை விட மிகப் பழையது. தரங்கம்பாடியில் 1620-லிருந்தே டேனியர்களுக்குக் கோட்டையும் வியாபாரமும் இருந்தன. அங்கே மிஷனரிகளை அனுப்ப வேண்டும் என்று மன்னர் நான்காம் பிரெடரிக் ஆசைப்பட்டபோது, போக டென்மார்க்கில் ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் தேடி இரண்டு இளைஞர்களைப் பிடித்தார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, இன்னொருவர் ஹென்ரிக் புளுட்சாவ். 1705 நவம்பர் கடைசியில் புறப்பட்டவர்கள் 1706 ஜூலை 9-ம் தேதி தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள். ராஜாவின் கடிதம் கையில் இருந்தும் வரவேற்க ஒருவரும் வரவில்லை. டேனிஷ் கோட்டையின் தளபதி ஹாசியுஸுக்கு இவர்களைக் கண்டாலே ஆகவில்லை.

சீகன்பால்கு அதைப் பொருட்படுத்தவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் 'அ'னா 'ஆ'வன்னா எழுதினார். வயது இருபத்து நான்கு. இரண்டே வருஷத்தில் தமிழ் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு பட்டியலே எழுதிவிட்டார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். வேலை சூடு பிடிப்பதற்குள் தளபதியோடு மோதல் முற்றியது. சில வாரங்களில் அவர் இருந்த இடம் டேனிஷ் கோட்டையான டான்ஸ்பர்க்கின் சிறை.

நான்கு மாதம் உள்ளே இருந்தார். 1709-ல் வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, 1711-ல் புதிய ஏற்பாட்டை முடித்தார். முடித்து என்ன பயன்? அன்றைக்குப் புத்தகம் என்றால் பனையோலை. ஆள் வைத்து எழுத்தாணியால் பிரதி எடுக்க வேண்டும்; ஒரு பிரதிக்கே மாதக் கணக்கில் ஆகும், கூலியும் கட்டுப்படியாகாது. வீட்டுக்கு வீடு வேதப்புத்தகம் என்பது நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காரியம். அச்சு இயந்திரம் வேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் இரங்கியது. ஒரு அச்சு இயந்திரத்தையும் அதை ஓட்ட யோனாஸ் பிங்க் என்ற அச்சுக்காரரையும் கப்பல் ஏற்றி அனுப்பியது.

அந்தக் கப்பல் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கிக்கொண்டது.

சரக்குகள் பறிபோயின. கப்பலைப் பணம் கொடுத்து மீட்டார்கள். கீழ்த்தளத்தில் கிடந்த அச்சு இயந்திரம் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. தப்பாதவர் அச்சுக்காரர். நன்னம்பிக்கை முனையருகே காய்ச்சல் கண்டு பிங்க் இறந்துபோனார். 1712-ல் இயந்திரம் வந்து இறங்கியபோது அதைப் பூட்டி ஓட்டத் தெரிந்த ஒருவரும் மிஷனில் இல்லை. தேடியதில் டேனிஷ் கம்பெனியின் சிப்பாய் ஒருவருக்கு அச்சு வேலை தெரியும் என்று தெரியவந்தது. அவரை வைத்துப் போர்த்துகீசிய மொழியில் சில சிறு நூல்களை அடித்தார்கள். தமிழில் அடிக்கத் தமிழ் எழுத்து வேண்டுமே?

அது ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தது. தமிழே தெரியாத கைகள், அனுப்பிவைத்த மாதிரியைப் பார்த்து வார்த்த எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன. பெட்டியைத் திறந்தபோது சந்தோஷம். அடித்துப் பார்த்தபோது திகைப்பு. எழுத்துகள் அத்தனை பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை முழுதும் அடித்தால் கையிருப்புக் காகிதம் பாதிக்குக்கூட வராது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டியது. ஹாலேயிலிருந்து வந்திருந்த ஆட்லர் என்ற அச்செழுத்து வல்லுநர் சின்ன எழுத்தை இங்கேயே வார்க்கலாம் என்றார். அதற்கு ஈயம் வேண்டும்.

இந்த இடத்தில் வரும் சங்கதியை வரலாற்றாசிரியர்கள் விட்டுவைப்பதே இல்லை, நானும் விடப்போவதில்லை. லண்டன் சங்கம் மிஷனரிகள் சாப்பிட அனுப்பிய பாலாடைக்கட்டி, ஈய மூடி போட்டு வந்தது. அந்த மூடிகளை உருக்கித்தான் புதிய எழுத்துகளை வார்த்தார்கள் என்பது அந்தச் சங்கதி. முதலில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-ல் 'அஞ்சு வேத பொஸ்த்தகம்' என்று வெளிவந்தன, மிச்சம் 1715-ல். காகிதத்துக்கு இனிக் கப்பலை நம்பிப் பயனில்லை என்று பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையே போட்டார்கள். இனி ஓட்டம்தான் என்று தோன்றியது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை வந்திருந்த சீகன்பால்கு, 1719 பிப்ரவரி 23-ம் தேதி கண்ணை மூடினார். முப்பத்தாறு வயது.

மிச்சத்தை அவருக்குப் பின் வந்த மிஷனரி பெஞ்சமின் சூல்ட்சே முடித்து, 1728-க்குள் முழு வேதப்புத்தகமும் தமிழில் வந்துவிட்டது. உழைப்பாளிதான், ஆனால் அவருடைய தமிழில் ஓட்டம் இல்லை. புத்தகம் இருந்தது, காதில் ஒட்டவில்லை. அதை ஒட்டவைக்க வந்தவர் பின்னால் கடன்காரர்களிடம் மாட்டப்போகிறவர்.

ஜொஹான் பிலிப் பெப்ரிசியஸ் 1742-ல் சென்னைக்கு வந்தார். பின்னாளில் வேப்பேரிதான் இருப்பிடம். ஒரு வரி எழுதுவார், அதைத் தமிழர்களிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுவார், அவர்கள் முகம் சுளித்தால் மாற்றுவார். வாசிக்கத் தெரியாத தாத்தாவுக்கும் வீட்டில் ஒருவர் வாசித்தால் புரிய வேண்டும் என்பதே கணக்கு. இப்படியே வருஷங்கள் ஓடின. சென்னையில் அச்சடிக்க இயந்திரம் இல்லை. அந்தக் கவலையைத் தீர்த்தது ஒரு போர். 1761-ல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியைப் பிடித்து, அங்கிருந்த பிரெஞ்சு அச்சுக்கூடத்தைச் சென்னைக்குத் தூக்கி வந்தது. ஓட்ட ஆளில்லாமல் அதை பெப்ரிசியஸிடம் ஒப்படைத்தார்கள். சர்க்கார் வேலை வந்தால் முதலில் அதை முடித்துத் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கடலில் அச்சு இயந்திரம் வந்த கப்பலைப் பிடித்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து அவர்களுடைய அச்சு இயந்திரத்திலேயே தமிழ் வேதம் அச்சாக வழி பிறந்தது. 1772-ல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது.

மனிதர் மொழியில் கெட்டி, பணத்தில் ஏமாளி. சபையார் நம்பிக் கொடுத்த சேமிப்பை வாங்கி வெளியே வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் கைவிரித்தார்கள். கொடுத்தவர்கள் கேட்க, பதில் சொல்ல வழியில்லாமல் கிழ வயதில் கடனுக்காகச் சிறைக்குப் போனார். 1791-ல் இறந்தார். அவருடைய பழைய ஏற்பாடு முழுதும் அச்சாகி முடிந்தது அதற்குப் பிறகுதான். அந்த அவமானத்தோடு அவருடைய எழுத்தும் மறைந்துவிடும் என்று யாராவது நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

அடுத்த நூற்றாண்டில் திருநெல்வேலியில் ரேனியஸ் என்ற மிஷனரி தன் பாணியில் ஒரு மொழிபெயர்ப்பு செய்தார். பிறகு யாழ்ப்பாணத்தில் நடந்தது இந்தக் கதையிலேயே எதிர்பாராத திருப்பம். பீட்டர் பெர்சிவல் என்ற வெஸ்லியன் மிஷனரிக்கு நல்ல தமிழ் தெரிந்த துணை தேவைப்பட்டது. அவர் பிடித்தது தன் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஒரு சைவ இளைஞரை. திருநீறு துறக்காத அந்த இளைஞர்தான் பின்னாளில் ஆறுமுக நாவலர். இருவரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க 1848-ல் சென்னைக்கே வந்தார்கள். அங்கே மகாலிங்கையர் என்ற தமிழ்ப் புலவர் அதைப் படித்து மெச்சினார் என்று நாவலரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள். 1850-ல் புத்தகம் வெளிவந்தது. புலவர்கள் மெச்சியதைச் சபைகள் ஏற்கவில்லை. குடும்ப ஜெபத்தில் கேட்டுப் பழகிய பெப்ரிசியஸின் வரிகளிலிருந்து அது ரொம்ப விலகிப்போயிருந்தது. நாவலரோ அச்சின் பலத்தை நேரில் பார்த்துவிட்டவர். சொந்தமாக அச்சுக்கூடம் வைத்துச் சைவ நூல்களைப் பதிப்பிக்கக் கிளம்பிவிட்டார்.

ஆக, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, திருநெல்வேலிக்கு ஒன்று, லுத்தரன்களுக்கு ஒன்று என்று தமிழ் வேதம் சிதறிக் கிடந்தது. இதை ஒன்றாக்க மிஷனரி ஹென்றி பவர் தலைமையில் குழு அமைத்தார்கள். கால்டுவெல்லும் அதில் இருந்தார். பல வருஷம் வரிக்கு வரி வாதாடினார்கள். யாழ்ப்பாணத்தாரும் தமிழ்நாட்டாரும் கூடி உட்கார்ந்து ஒத்துப்போன பிறகு, 1871-ல் முழு வேதப்புத்தகமும் வெளிவந்தது. குழு எதை அடிப்படையாக எடுத்துக்கொண்டது? புலவர்கள் மெச்சியதை அல்ல. கடனாளி பெப்ரிசியஸின் பாடத்தைத்தான்.

அப்படியும் லுத்தரன்களில் பலர், திருத்திய பெப்ரிசியஸ் வேண்டாம், பழைய பெப்ரிசியஸே போதும் என்று வெகுகாலம் பிடிவாதமாக இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் டென்மார்க் மறுபடியும் உள்ளே வந்தது. டேனிஷ் மிஷன் சங்கத்திலிருந்து வந்து, பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வராக இருந்த எல்.பி. லார்சன், தமிழறிஞர்களின் துணையோடு புதிதாக ஒரு திருத்தம் செய்தார். 1936-ல் அது வந்தது. புலமையில் குறை சொல்ல முடியாத வேலை என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். சபைகள் மட்டும் அசையவில்லை. 1995-ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்து இன்றைய தமிழில் 'திருவிவிலியம்' கொண்டுவந்தார்கள். அது கத்தோலிக்க ஆலயங்களில் நிலைத்தது. தமிழ்ப் புராட்டஸ்டன்ட் வீடுகளிலும் ஞாயிறு ஆராதனைகளிலும் பெரும்பாலும் இன்றைக்கும் வாசிக்கப்படுவது 1871-ன் பாடம்தான்.