தோட்டத்து லோரியும் தகரக் கொட்டகைப் பட்டறையும்



தோட்டப்புற வரலாறு என்றவுடன் நம் மாணவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுப்பவை கப்பல் பயணம், கங்காணி முறை, பால்வெட்டுக் கத்தி, லயன் வீடுகள் ஆகியவையே. அத்தனையும் உண்மைதான். ஆயினும் அதே தோட்டத்தில், எண்ணெய்க் கறை படிந்த தகரக் கொட்டகை ஒன்றும் இருந்தது. அதுதான் பட்டறை. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் லோரிகளையும் டிராக்டர்களையும் உயிரோடு வைத்திருந்த அந்தப் பட்டறைக்காரர்களைப் பற்றி நான் கற்பித்த பாடநூல்களில் ஒரு வரியும் கண்டதில்லை. அவர்கள் கையாண்டது வெறும் கைத்திறன் அன்று. முறையான அறிவு என்பதே என் கருத்து.

போக்குவரத்தின் கதையைச் சற்றுப் பின்னிருந்து பார்ப்போம். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் சுங்கை ஊஜோங் இரயில் பாதை திறக்கப்பட்டது. இரயில் நிலையம் வரை விளைபொருளைக் கொண்டு சேர்த்தது மாட்டு வண்டி. பின்னர் பெட்ரோல் லோரிகள் வந்தன. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் கிடைக்காமல் போகவே, அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுத்து லோரி ஓட்டினார்கள். போருக்குப் பின்னர்த்தான் டீசல் எஞ்சின் தோட்டத்துக்குள் பரவலாக நுழைந்தது. பெட்போர்ட் லோரி, பெர்கின்ஸ் எஞ்சின் பூட்டிய மாசி பெர்குசன் டிராக்டர், பின்னர் இசுசு, ஹினோ என்று வரிசையாக வந்தன.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை மட்டும் உள்ளிழுத்து, இறுக்கி அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடோல்ப் டீசல் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இக்கருத்து, 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓடும் எஞ்சினாக வடிவம் பெற்றது. ஆனால் எண்ணெயைப் பீய்ச்சுவதற்குத் தனியாக ஒரு காற்றழுத்தி வேண்டியிருந்ததால் அதன் பாரம் லோரிக்கு ஒத்துவரவில்லை. இராபர்ட் போஷ் நிறுவனம் 1927இல் சிறிய உட்செலுத்து பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் டீசல் லோரி எளிதாயிற்று. நம் பட்டறைக்காரர்கள் ‘டீசல் பம்பு’ என்று சொன்னது இதன் வழிவந்த பம்பைத்தான்.

தோட்டத்தில் லோரி ஏன் இவ்வளவு முக்கியம்? இரப்பர் காலத்தில் பால் உறைவதற்குள் ஆலைக்குப் போக வேண்டும். 1960களுக்குப் பின் இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது அவசரம் குறையவில்லை. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பது நல்லது. தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெடும். மழையில் குழைந்த செம்மண் பாதை, மேடு, முழுப் பாரம். லோரி நடுவழியில் நின்றுவிட்டால் அன்றைய வெட்டு வீண்.

ஆகவே பழைய லோரிக்கு இழுவை வேண்டும். அதே வேளையில் டீசலும் மிச்சமாக வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெறுவதுதான் பட்டறைப் போர்மேனுக்கு இடப்பட்ட கணக்கு.

என் பெரியப்பா லாபு வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் போர்மேனாக இருந்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். மேட்டில் ஏறும் லோரியின் புகையைப் பார்த்தே நோய் சொல்லிவிடுவார். “கரும்புகை போனா தொரை காசு போவுதும்மா” என்பார். சிரிப்புக்காகச் சொன்னதாகவே அப்போது நினைத்தேன். அஃது அப்பட்டமான வேதியியல். ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று! (ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விகிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.) நடைமுறையில் இதைவிடவும் அதிகக் காற்று இருந்தால்தான் புகையின்றி எரியும். காற்று போதாதபோது எரியாமல் எஞ்சும் கரியே கரும்புகை.

இதனால் அவர்கள் முதலில் தொட்டது பம்பை அன்று, காற்று வடிகட்டியை. பழைய லோரிகளில் எண்ணெய்த் தொட்டி வைத்த வடிகட்டிதான் இருக்கும். செம்மண் தூசி அதில் சேறாகப் படியும். அதைக் கழுவிப் புதிய எண்ணெய் ஊற்றினாலே பாதி இழுவை திரும்பிவிடும் என்பார் பெரியப்பா. பாதி என்பது மிகையாகவே இருக்கலாம். ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுதான். அடுத்து டீசல் வடிகட்டியின் அடியில் தங்கிய தண்ணீரைக் காலையில் திறந்துவிடுதல், வால்வு இடைவெளியை மெல்லிய எஃகுத் தகடு கொண்டு அளந்து சரிசெய்தல், டயருக்குக் காற்றடித்தல், பிரேக் பிடித்துக்கொண்டு உராய்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தல். செலவில்லாத வேலைகள் இவை.

பிறகே நோசல். நோசல் திறக்கும் அழுத்தம், பழைய எஞ்சின்களில் வகைக்கேற்ப, ஏறக்குறைய 150 முதல் 220 பார் வரை இருக்கும். லோரி டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 7 பார் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளாக நாளாக நோசலுக்குள் இருக்கும் வில் தளரும். அழுத்தம் குறைந்தால் எண்ணெய் பனித்தூறலாகத் தெறிக்காமல் சொட்டும். கையால் அடிக்கும் சோதனைப் பம்பில் நோசலைப் பூட்டி, முள் எங்கே நிற்கிறது, தூறல் எப்படி விழுகிறது, கடைசியில் நுனி ஈரமாகிறதா என்று பார்ப்பார்கள். மெல்லிய தகடு ஒன்றை வில்லுக்கடியில் வைத்தால் அழுத்தம் ஏறும்.

மிக நுட்பமானது டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில பாகை முன்பே எண்ணெய் பீய்ச்சத் தொடங்க வேண்டும். மிக முந்தினால் எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோல் ஒலிக்கும், பிஸ்டன் அடிபடும். பிந்தினால் இழுவை போய்விடும், எஞ்சின் சூடேறும், வெண்புகை வரும். பல் சக்கரங்கள் தேய்ந்த பழைய எஞ்சினில் இது தானாகவே பிந்திவிடும். அதைக் கண்டறிய மின்னணுக் கருவி ஏதும் இல்லை. முதல் சிலிண்டருக்குரிய பம்பு வாயிலில் அன்னக் கழுத்துப் போல் வளைந்த சிறு குழாயைப் பூட்டுவார்கள். எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்புவார்கள். ஒழுகும் டீசல் சொட்டுச் சொட்டாகி, சொட்டும் நிற்கும் அந்தக் கணமே பீய்ச்சல் தொடங்கும் கணம். அப்போது சக்கரத்தில் உள்ள குறி எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பம்பை ஓர் இழை அளவு திருப்பி இறுக்குவார்கள். பெரியப்பா இந்த அளவுகளையெல்லாம் லோரி எண், தேதியோடு ஒரு பள்ளி நோட்டில் தமிழிலேயே எழுதி வைத்திருந்தார்.

பம்பின் உட்பகுதியைத் தோட்டத்தில் எவரும் திறப்பதில்லை. அதன் தண்டுக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். பட்டணத்துப் பம்புக் கடைக்கு அனுப்புவார்கள். அங்கே பம்பைச் சோதனை மேடையில் ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் எண்ணெயைக் கண்ணாடிக் குழாய்களில் பிடித்துச் சமமாக்குவார்கள்.

ஓர் ஆணி மட்டும் எல்லாருக்கும் ஆசை காட்டியது. முழு மிதியில் எவ்வளவு எண்ணெய் போகலாம் என்று வரம்பு கட்டும் ஆணி. அதற்கு ஈய முத்திரை போட்டிருப்பார்கள். முத்திரையை அறுத்து ஆணியைத் திருப்பினால் லோரி மேட்டில் பாயும். சிரம்பானிலிருந்து குவாலா பிலா போகும் பழைய புக்கிட் புத்துஸ் வளைவுகளில் பாரத்தோடு ஏறிய ஓட்டுநர்களுக்கு அந்த ஆசை வந்ததில் வியப்பில்லை. ஆனால் காற்று கூடாமல் எண்ணெய் மட்டும் கூடினால் கரும்புகை, கரைந்துபோன எஞ்சின் எண்ணெய், கடைசியில் உருகிய பிஸ்டன். கூடுதல் எண்ணெய்க்குக் கூடுதல் காற்று வேண்டும். அதற்கு வழி டர்போ. டர்போ இல்லாத எஞ்சினில் அந்த ஆணியைத் தொடாதவனே நல்ல போர்மேன்.

அந்தப் புகையைச் சுவாசித்தவர்களில் பள்ளிக்கு லோரியில் ஏறிப்போன பிள்ளைகளும் உண்டு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2012இல் உறுதியாக அறிவித்தது. நம் நாட்டில் டீசல் எஞ்சின் புகைக்கான விதிமுறைகள் 1996இல் வந்தன. வாணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கொரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டியிருப்பதால், இன்று ஆணியைத் திருப்பியவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

விலையும் பாடம் கற்பித்தது. 2008 ஜூன் மாதம் டீசல் ஒரே நாளில் லிட்டருக்கு ஒரு வெள்ளி ஏறி 2 வெள்ளி 58 காசானது. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் பொது உதவித்தொகை நீக்கப்பட்டபோது 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குத் தாவியது. பல வகைச் சரக்கு வாகனங்களுக்குச் சலுகை அட்டை உண்டு, எல்லாருக்கும் இல்லை. நாளொன்றுக்கு 105 கிலோமீட்டர் ஓடும் ஒரு பழைய லோரி, லிட்டருக்கு 3 கிலோமீட்டர் கொடுத்தால் 35 லிட்டர் குடிக்கும், 3.5 கொடுத்தால் 30 லிட்டர். லிட்டர் 3 வெள்ளி என்று கொண்டால் 25 வேலை நாளில் 375 வெள்ளி மிச்சம். பெரியப்பாவின் தகட்டுக்கும் அன்னக் கழுத்துக் குழாய்க்கும் அதுதான் மதிப்பு.

இன்னொரு வேடிக்கையும் நடந்துள்ளது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. இங்கோ 2019 முதல் வாகன டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த டீசல் கலக்கப்படுகிறது. அதன் விகிதம் கூடினால் பழைய வண்டிகளின் இயற்கை இரப்பர்க் குழாய்களை அஃது ஊறச்செய்து கெடுக்கும். காட்டில் இரப்பர் மரத்தை விரட்டிய செம்பனை, எஞ்சினுக்குள்ளும் இரப்பரை விடவில்லை! பழைய லோரி வைத்திருப்போர் குழாய்களையும் வடிகட்டியையும் அடிக்கடி பார்ப்பது நல்லது.

1990களில் சிரம்பான், நீலாய் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பட்டறைகளும் மூடப்பட்டன. பால்வெட்டியவருக்கு நேர்ந்த இடப்பெயர்வைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. போர்மேனுக்கு நேர்ந்தது வேறு. முப்பது ஆண்டு அனுபவம். காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. நகரத்துப் பட்டறையில் பையன்களோடு பையனாக, உதவியாள் சம்பளத்துக்கு நின்றவர்களை நான் அறிவேன். தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் 2006இல்தான் வந்தது. பணி அனுபவத்தையே மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் ‘முன் அடைவு அங்கீகார’ முறைக்கு அஃது இடமளிக்கிறது. பெரியப்பாவுக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது.

ஆனால் இன்றும் நம் மாணவர்களின் தந்தையரில் பலர் சான்றிதழின்றிப் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். இம்முறையில் அவர்கள் செய்த வேலைக்குச் சான்றுகள் கேட்கப்படும்: பணிக் குறிப்புகள், படங்கள், முதலாளியின் உறுதிக் கடிதம் போன்றவை. எண்ணெய்க் கறை பட்ட பழைய நோட்டுகள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். விவரம் வேண்டுவோர் மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேட்கலாம். படிவம் நிரப்பப் பள்ளியில் உதவி தேவையெனில் ஆசிரியர்கள் நாம் இருக்கிறோம்.