பந்தை வெட்டாமல் தொப்பி போட்ட கதை

இடுப்பு மூட்டு தேய்ந்து போனவர் டாக்டரிடம் கேட்கும் முதல் கேள்வி, வலி போகுமா என்பது. இரண்டாவது, ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு காலும் சமமாக இருக்குமா என்பது. இந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது. அதில் ஒரு அத்தியாயம் தி.நகருக்குப் பக்கத்திலேயே, அண்ணா சாலையில் நடந்தது.

கால் நீள வித்தியாசம் இரண்டு வகை. எலும்பே குட்டையாக இருப்பது ஒன்று. எலும்பு சரியாக இருந்தும் தசை இறுகி, இடுப்பு சாய்ந்து, குட்டை மாதிரி தெரிவது இன்னொன்று. குட்டைக் காலுக்கு அடியில் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து, இடுப்பு மட்டமாக வரும் வரை அடுக்கிப் பார்ப்பார்கள். (இத்தனை ஸ்கேன் வந்த பிறகும் அந்த மரக்கட்டை போகவில்லை!) போலியோ இருந்த காலத்தில் ஒரு பக்கம் மட்டும் அடி உயர்த்திய செருப்பு நம் தெருக்களில் சாதாரணக் காட்சி. மூட்டுத் தேய்மானத்திலும் குறுத்தெலும்பு கரையக் கரையக் கால் கொஞ்சம் குட்டையாகும். விந்தி விந்தி நடப்பார்கள்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். 1923ல் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் என்ற சர்ஜன் தொடை எலும்பின் பந்து மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். யோசனை அருமை, ஆனால் கண்ணாடி உடைந்தது. 1938ல் அதையே உலோகத்தில் செய்தார். 1950களில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி டெஃப்லான் வைத்து முயன்றார். அது தேய்ந்து போனது. பிறகு அவர் பந்தையே வெட்டி எறிந்துவிட்டு, எலும்புக்குள் நீளமான தண்டு இறக்கும் முறைக்கு மாறினார். 1962ல் வந்த அந்த முறைதான் இன்றுவரை உலகம் முழுக்க நடக்கும் முழு மூட்டு மாற்று சிகிச்சைக்கு அடிப்படை.

ஆனால் அதில் ஒரு சிக்கல். பந்தை வெட்டிய பிறகு புதுக் காலின் நீளத்தை சர்ஜன்தான் முடிவு செய்ய வேண்டும். மூட்டு நழுவாமல் இருக்க தசை இறுக்கமாக வேண்டும். இறுக்கப் போனால் கால் நீண்டுவிடும். ஒரு சென்டிமீட்டர் கூடினாலே சிலருக்குப் பள்ளத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அமெரிக்காவில் இடுப்பு ஆபரேஷன் சம்பந்தமாக டாக்டர்கள் மேல் போடப்படும் வழக்குகளில் இது ஒரு முக்கியமான காரணம்.

1991ல் பிர்மிங்ஹாமின் டெரெக் மெக்மின் பழைய தொப்பி யோசனையைத் தூசி தட்டினார். பந்தைச் செதுக்கி அதன் மேல் கோபால்ட்-குரோமியத் தொப்பி, எதிரே அதே உலோகத்தில் கிண்ணம். 1997ல் 'பிர்மிங்ஹாம் ஹிப்' வந்தது. எலும்பின் கழுத்து அப்படியே இருப்பதால் கால் நீளம் பெரிதாக மாறாது. பந்து பெரியது என்பதால் எளிதில் நழுவாது. இதே காரணத்தால், பிறவியிலிருந்தே மூன்று நாலு சென்டிமீட்டர் குட்டையாக இருக்கும் காலை இந்த முறையால் சரி செய்ய முடியாது. பலரும் கவனிக்காத விஷயம் இது.

தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிற, குந்தி உட்கார்கிற ஊருக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். சென்னை அப்போலோ ஸ்பெஷாலிட்டி மருத்துவமனையில் டாக்டர் விஜய் போஸ் 2000களின் முதல் பாதியிலேயே இதைச் செய்து கொண்டிருந்தார். அமெரிக்காவிலோ பிர்மிங்ஹாம் ஹிப்புக்கு அனுமதி கிடைத்தது 2006 மே மாதம்தான். விளைவு? நம் ஆட்கள் சிகிச்சைக்கு அமெரிக்கா போன காலம் தலைகீழானது. காப்பீடு இல்லாத ஒரு அமெரிக்கப் பெண்மணி சென்னைக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டதை 2005ல் சிபிஎஸ் டிவியின் '60 மினிட்ஸ்' காட்டியது. மெடிக்கல் டூரிஸம் என்ற சொல் இங்கே பத்திரிகைகளில் அடிபட்டதும் அந்தச் சமயத்தில்தான்.

அப்புறம்தான் இடி விழுந்தது. உலோகம் உலோகத்தோடு உரசும்போது நுண்ணிய துகள்கள் உதிரும். சிலருக்கு ரத்தத்தில் கோபால்ட் ஏறியது, மூட்டைச் சுற்றிச் சதை கெட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபியூ கம்பெனி 2010 ஆகஸ்டில் தன் ஏஎஸ்ஆர் மூட்டுகளைத் திரும்பப் பெற்றது. ஏஎஸ்ஆர் வேறு, பிர்மிங்ஹாம் ஹிப் வேறு. ஏஎஸ்ஆரில் தொப்பி வகையும் உண்டு, தண்டு வகையும் உண்டு. ஆனால் பேர் கெட்டது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இந்தியாவில் ஏஎஸ்ஆர் வைத்து நடந்த ஆபரேஷன்கள் சுமார் 4,700. மத்திய அரசு குழு போட்டது 2017ல், ஏழு வருஷம் கழித்து! பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் தரச் சொன்னது அந்தக் குழு. அமெரிக்க நோயாளிகளுக்கு அதற்குப் பல வருஷம் முன்பே பணப் பட்டுவாடா ஏற்பாடாகியிருந்தது. இங்கே பலர் எந்த மூட்டு தங்கள் உடம்பில் இருக்கிறது என்றே தெரியாமல் இருந்தார்கள்.

பிர்மிங்ஹாம் ஹிப்பும் முழுசாகத் தப்பவில்லை. பெண்களுக்கும், சிறிய பந்து உள்ளவர்களுக்கும் சீக்கிரம் பழுதாகிறது என்று தெரிந்ததும், 2015 ஜூனில் 46 மி.மீ. மற்றும் அதற்குக் குறைந்த அளவுகளை அந்தக் கம்பெனி நிறுத்தியது. பெண்களுக்கு இனி வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. 2005ல் டிவியில் காட்டப்பட்டவரும் ஒரு பெண்தான் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதற்குள் வைத்துக் கொண்ட எத்தனையோ பெண்கள் நன்றாகவே நடமாடுகிறார்கள் என்பதும் உண்மை.

இப்போது இந்த ஆபரேஷன் பெரும்பாலும் எலும்பு உறுதியான, வயது குறைந்த ஆண்களுக்குத்தான். 2010களின் கடைசியில் வெளிநாடுகளில் உலோகத்துக்குப் பதில் பீங்கான் தொப்பி போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதில் பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள்.