ஏட்டில் ஏறாத ஆற்றல்

ஒருவனுடைய ஆற்றலை அளந்தறிவது எளிதன்று. அவ்வாறு அறிந்த பலரை ஓரணியாகச் சேர்த்து வினைப்படுத்துவது அதனினும் அரிது. வள்ளுவர் ஆளைத் தேர்வதற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமும், தேர்ந்தவரிடம் உரிய வினையை ஒப்படைப்பதற்குத் ‘தெரிந்து வினையாடல்’ என மற்றோர் அதிகாரமும் வகுத்தது இதனாலேயே போலும். அரசர்க்குரைத்த அந்நெறி ஆடுகளத்திற்கும் பொருந்தும். அமெரிக்க நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட வரலாற்றில் இதற்கு நல்லதொரு சான்று உண்டு. அதனை ஈண்டுக் காண்போம்.

இவ்விளையாட்டுத் தோன்றியது 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர் கட்டடத்தினுள்ளேயே ஆடுவதற்காகப் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி இதனை அமைத்தார். அந்நிலையத்தில் பயின்ற ஹாரி குரோ பக் என்பாரே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியை நிறுவியவர். ஆதலின் இவ்வாட்டத்தின் பிறப்பிடம் நமக்கு முற்றிலும் தொடர்பற்றதன்று.

அமெரிக்காவில் 1946இல் தோன்றிய தொழில்முறைக் குழுக்களின் கூட்டமைப்பு, 1949இல் மற்றொரு கூட்டமைப்புடன் இணைந்து என்.பி.ஏ. என்னும் பெயர் பெற்றது. புதிய ஆட்டக்காரரைக் குழுக்கள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. இதனை ‘டிராஃப்ட்’ என்பர். அந்நாளில் முந்தைய ஆண்டில் தாழ்ந்து நின்ற குழுவே முதலில் தேர்ந்தது. மெலிந்தாரை வலிமையாக்கி ஆட்டத்தைச் சமன் செய்வதே இதன் நோக்கம். அக்காலத்தில், தன் முதற்சுற்று உரிமையை விட்டுக்கொடுக்கும் குழு, தன் வட்டாரக் கல்லூரி ஆட்டக்காரர் ஒருவரை முன்னதாகவே எடுத்துக்கொள்ளவும் இடமிருந்தது.

1950இல் பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவின் பயிற்சியாளராக ரெட் ஆவர்பேக் அமர்ந்தார். அவ்வாண்டு அக்குழு சக் கூப்பரைத் தேர்ந்தது. என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின ஆட்டக்காரர் அவரே. ஆனால் அண்மைக் கல்லூரியொன்றில் புகழ்பெற்றிருந்த பாப் கூசியை ஆவர்பேக் வேண்டாமென ஒதுக்கினார். கூசியைப் பெற்ற சிகாகோக் குழு கலைந்தபோது, எஞ்சிய மூன்று ஆட்டக்காரர் பெயர்களைத் தொப்பியிலிட்டுச் சீட்டெடுத்தனர். பாஸ்டனுக்குக் கிடைத்த சீட்டில் கூசியின் பெயரே இருந்தது! ஒதுக்கப்பட்ட அவரே பின்னர்ப் பந்தைப் பகிர்ந்தளிக்கும் கலையில் தலைசிறந்தவரானார். தேர்வில் வல்லவரும் தவறுவர் என்பதற்கு இஃதொரு சான்று.

கூசியும் பில் ஷார்மனும் எட் மெக்காலியும் ஆடியபோது பாஸ்டன் குழு புள்ளிகளைக் குவித்தது. எனினும் 1956 வரை இறுதிப் போட்டியை ஒருமுறையேனும் எட்டவில்லை. எதிரியின் எறிதலைத் தடுப்பாரும், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவாரும் இல்லாமையே குறையென ஆவர்பேக் உணர்ந்தார். அவர் கண் பில் ரஸ்ஸல் மீது விழுந்தது. சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்திற்கு 1955, 1956 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேசிய வெற்றி தேடித்தந்தவர் ரஸ்ஸல். ஆயினும் அவருக்குப் பந்தெறியத் தெரியாது என்று கூறியோர் பலர்.

அவ்வாண்டு முதலிடத்திலிருந்த ராச்செஸ்டர் குழு சைஹியூகோ கிரீனைத் தேர்ந்தது. இரண்டாமிடம் செயின்ட் லூயிஸ் குழுவினுடையது. அவ்வுரிமைக்கு ஈடாக ஆவர்பேக் மெக்காலியையும் கிளிஃப் ஹேகனையும் கொடுத்தார். வட்டார உரிமையால் டாம் ஹைன்சனும், இரண்டாம் சுற்றில் கே.சி. ஜோன்ஸும் அதே ஆண்டில் கிடைத்தனர். ஒரே ஆண்டின் தேர்வில் ஓர் அணியின் முதுகெலும்பே அமைந்துவிட்டது எனலாம்.

மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் வென்ற பின்னர், 1956 டிசம்பரில் ரஸ்ஸல் பாஸ்டனில் சேர்ந்தார். அவர் எதிரியின் பந்தைத் தடுக்கும்போது அதனை வெளியே அறைந்து தள்ளுவதில்லை. தன் தோழர் கைக்குச் செல்லுமாறு தட்டிவிடுவார். அக்கணமே கூசி பந்துடன் எதிர்ப்புறம் விரைவார். இவ்வாறு தடுப்பே தாக்குதலின் தொடக்கமாயிற்று. நல்ல ஆட்டக்காரர் ஒருவரைத் தொடக்கத்தில் இறக்காது நிறுத்திவைத்து, எதிரிகள் களைத்த வேளையில் ஆறாமவராக அனுப்பும் உத்தியையும் ஆவர்பேக் கையாண்டார். முதலில் ஃபிராங்க் ராம்சேயும் பின்னர் ஜான் ஹாவ்லிசெக்கும் அப்பணியை மனமுவந்து ஏற்றனர்.

1957இல் பாஸ்டன் முதன்முறையாகப் பட்டம் வென்றது. 1958இல் ஹேகனும் மெக்காலியும் இருந்த செயின்ட் லூயிஸ் குழு வென்றது; எனவே அப்பரிமாற்றத்தை ஒருபுறத்து ஏமாற்றமென இகழ்தல் நேர்மையன்று. ஆனால் 1959 முதல் 1966 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் பாஸ்டனுக்கே உரியதாயிற்று. ரஸ்ஸல் ஆடிய 13 பருவங்களில் பட்டங்கள் 11!

இனி, மதிப்பீட்டின் சிக்கலைக் காண்க. 1961-62 பருவத்தில் வில்ட் சேம்பர்லேன் ஆட்டத்திற்குச் சராசரி 50.4 புள்ளிகள் எடுத்தார். ஓர் ஆட்டத்தில் 100 புள்ளிகளும் எடுத்தார். ஆயினும் அப்பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை, உடன் ஆடிய வீரர்கள் வாக்களித்து ரஸ்ஸலுக்கே வழங்கினர். எழுத்தாளர்கள் தேர்ந்த சிறப்பு முதலணியிலோ நடுவிடம் சேம்பர்லேனுக்குச் சென்றது. ஏடு நோக்கியவர் ஒருவரையும், எதிர்நின்று ஆடியவர் மற்றொருவரையும் சிறந்தவரெனக் கண்டனர்.

இதில் வியப்பில்லை. தடுக்கப்பட்ட எறிதல்களை என்.பி.ஏ. கணக்கில் எழுதத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்றதோ 1969இல். அவருடைய தலையாய ஆற்றலுக்கு ஏட்டில் கட்டமே இல்லை! 1984-85 முதல் குழுவின் மொத்த ஊதியத்திற்கு 36 இலட்சம் டாலர் என வரம்பு வந்தபின், ஆட்டக்காரரின் மதிப்பைப் பிழையின்றிக் கணிக்கும் தேவை மிகுந்தது. 2004இல் டீன் ஆலிவர் புள்ளியியல் நோக்கில் நூல் எழுதினார். 2013-14 பருவத்தில் எல்லா அரங்குகளிலும் ஆட்டக்காரர் அசைவை அளக்கும் ஒளிப்படக் கருவிகள் அமைந்தன. ஒருவர் களத்தில் உள்ளபோது குழு எவ்வளவு முந்துகிறது, இல்லாதபோது எவ்வளவு பிந்துகிறது என்பதையும் இன்று கணக்கிடுகின்றனர். ஆவர்பேக் கண்ணால் கண்டதைக் கணக்கு பின்தொடர்ந்து வந்தது.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. நிறம் பார்த்து ஆளெடுத்த காலத்தில், 1964 டிசம்பரில், பாஸ்டன் குழு கறுப்பின வீரர் ஐவரையே தொடக்க அணியாக இறக்கியது. 1966இல் ரஸ்ஸலையே பயிற்சியாளராகவும் அமர்த்தியது, என்.பி.ஏ. வரலாற்றில் அப்பதவியேற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் களத்தில் அவரைப் புகழ்ந்த அதே பாஸ்டன் வட்டாரத்தில், அவர் இல்லாத வேளையில் வீட்டுள் புகுந்து பாழ்படுத்திய கயவரும் இருந்தனர். ஆற்றலை மதித்தல் வேறு, ஆளை மதித்தல் வேறு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய விருது 1969இல், ரஸ்ஸலின் கடைசி ஆண்டில், ஏற்பட்டது. அது தோற்ற குழுவின் ஜெர்ரி வெஸ்டுக்குச் சென்றது. ரஸ்ஸல் அதனைப் பெற்றதேயில்லை. ஆனால் 2009 முதல் அவ்விருது ரஸ்ஸலின் பெயரையே தாங்கி நிற்கிறது. ரஸ்ஸல் மறைந்த 2022ஆம் ஆண்டில், அவர் அணிந்த 6ஆம் எண் இனி எந்தக் குழுவிலும் புதிதாக ஒருவருக்கு வழங்கப்படமாட்டாதென என்.பி.ஏ. அறிவித்தது.

ஊர்விட்டு வந்து பல துறைகளில் பணியாற்றும் நாமும், சங்கம் கூட்டிப் பலரை ஒருங்கிணைக்கும் நாமும், இவ்வரலாற்றில் கொள்ளத்தக்கது உண்டு. மேடையில் தோன்றும் ஒருவரை எண்ணுதல் எளிது. பந்தைத் தோழர் கைக்குத் தட்டிவிடுவாரைக் கண்டறிதலே தலைமையின் கடமை. அத்தகையோரைப் போற்றும் அணி நெடிது வாழும்.